செம்பூர்ல மீன் புரோட்டீன் பவுடர் விக்குறாங்க, வாங்கிடாதீங்க

மும்பைல செம்பூர், சயான் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க இத கொஞ்சம் படிச்சுட்டு போங்க. எங்க மாமனாருக்கு 68 வயசு, ரொம்ப வருஷமா பிபி மாத்திரை சாப்பிடுறாரு. காலைல வாக்கிங் போற கார்டன் வாசல்ல ஒருத்தர் டேபிள் போட்டு ஓசில பிபி பாக்குறாரு, தமிழ் ஆளு, "ஐயாவுக்கு எந்த ஊரு, திருநெல்வேலியா, நமக்கும் அந்தப் பக்கந்தான்"னு ஆரம்பிச்சு மூணு டப்பாவ தலைல கட்டிட்டாரு, ஒண்ணு 4,200 ரூபா. மாமா எங்ககிட்ட மூச்சே விடல.

என்சைம் போட்டு உடைச்ச மீன் புரோட்டீனாம், ஜப்பான்காரன் இதத்தான் சாப்பிடுறானாம், இனி மாத்திரை வேண்டாமாம். மாமாவும் மாத்திரைய நிறுத்திட்டாரு. இருபது நாள் கழிச்சு குளிக்கப் போனவரு தலை சுத்தி குழாயப் பிடிச்சுட்டு நிக்குறாரு, ஆஸ்பத்திரில பாத்தா 180/110.

கடுப்பு என்னன்னா அந்தாளு சொன்னது முழுப் பொய்யும் இல்ல. மீன் புரோட்டீன என்சைம் வெட்டும்போது பெப்டைடுன்னு சின்னச் சின்னத் துண்டா ஆகுது, அதுல சிலது நம்ம உடம்புல பிபிய ஏத்துற ஏசிஇங்குற என்சைம தடுக்குதாம், ராமிப்ரில், எனலாப்ரில் மாத்திரையெல்லாம் தடுக்குறதும் அதே ஏசிஇயதான். ஜப்பான்ல சூரை மீன காயவெச்சு கட்டை மாதிரி ஆக்குவாங்க, கட்சுவோபுஷின்னு பேரு, அதுல எடுத்த பெப்டைடு சேத்த பொருளுக்கு "பிபி லேசா கூடுதலா இருக்கவங்களுக்கு"ன்னு போட்டுக்க அந்த அரசாங்கமே அனுமதி குடுத்திருக்கு. லேசா கூடுதலா இருந்தா! ஏற்கனவே மாத்திரைல ஓடுறவங்களுக்கு இல்ல. டெஸ்ட் ட்யூப்ல நல்லா வேலை செய்யுற துண்டு வயித்துல இன்னொரு தடவ செரிச்சு போச்சுன்னா ரத்தத்துக்கு எவ்ளோ போய்ச் சேரும்னு டாக்டர் கேட்டாரு, மாமா என்னைப் பாக்குறாரு.

இதுக்கு மேலதான் விஷயமே. நான் ஒரு ஸ்பூன் கரைச்சு குடிச்சுப் பாத்தேன், பாதாம் பால் மாதிரி இனிப்பு. மீன் புரோட்டீன இப்படி உடைச்சா வழக்கமா ஒரு கசப்பும் வாடையும் வரும், அத மறைக்கவே கம்பெனிக்காரங்க படாத பாடு படுவாங்க. சந்தேகப்பட்டு டப்பால ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கர நகத்தால சுரண்டினேன், அடில பச்சைப் புள்ளி! மீன் டப்பால வெஜிடேரியன் புள்ளி! பக்கத்துல சோயா புரோட்டீன், மால்டோடெக்ஸ்ட்ரின், வெனிலா, அவ்ளோதான், மீனுங்கிற பேச்சே இல்ல, உணவுப் பொருளுக்கு இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பரும் இல்ல.

கொண்டு போய் கேட்டா "லேபிள் மாறிருச்சு மேடம், உள்ள இருக்குறது ஒரிஜினல்"ங்குறாரு. பணம் தரல. பில்லும் கிடையாது, ஜிபேல அவர் சொந்த நம்பருக்கு போயிருக்கு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளைன்ட் பதிஞ்சிருக்கேன், பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட்டும் ஸ்டிக்கர் சுரண்டின போட்டோவும் வெச்சிருக்கேன், வேற யாராவது வாங்கியிருந்தா டப்பாவ தூக்கிப் போடாதீங்க, அதுதான் சாட்சி.

12,600 ரூபாய்க்கு எத்தன கிலோ பாங்டா மீன் வாங்கி குழம்பு வெச்சிருக்கலாம்னு அத்தை தினமும் ஒரு தடவ கணக்கு சொல்றாங்க. மாமா இப்ப ராத்திரி மாத்திரைய எங்க கண்ணு முன்னாடிதான் போடணும். அந்த டேபிள் இன்னும் இருக்கு, கார்டனோட பின் வாசலுக்கு மாறியிருக்கு.