வாராவாரம், ஒருநாள், இணையவழி, வெளிநாடு: தன்னார்வப் பணியில் உங்களுக்கு எது சரிப்படும்?

தன்னார்வலராகச் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது துறையைத்தான். கல்வியா, மரம் நடுவதா, விலங்குகளா, முதியவர்களா என்று. அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: நான் ஒருநாள் வராமல் போனால் யாருக்கு என்ன ஆகும்? இதை மட்டும் நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் எந்த வழி நமக்கு ஒத்துவரும் என்பது பாதி தெளிந்துவிடும்.

வாரப் பணியை எடுத்துக்கொள்வோம். படிக்கத் திணறும் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தருவது, தனியாக இருக்கும் முதியவரோடு பேசிவிட்டு வருவது மாதிரியானவை. இருப்பதிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து, ஆனால் வராமல் போனால் அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். ஒரு பிள்ளை ‘ஒட்டகம்’ என்ற சொல்லில் ‘ஒட்’ வரை வந்து நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் உடனே மீதியைச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்தால் அதுவே முடித்துவிடும். இது உங்களுக்குப் பிடிபடவே சில வாரங்கள் ஆகும். நீங்கள் நின்றுவிட்டு அடுத்த வாரம் வேறொருவர் வந்தால், அவர் பிள்ளையின் பெயரைக் கேட்டு, மறுபடியும் ‘அ, ஆ’விலிருந்து ஆரம்பித்து, பிள்ளை திணறும்போதெல்லாம் தானே சொல்லைச் சொல்லிக்கொண்டு போவார். இப்படி நாலைந்து பேர் மாறினால், பிள்ளைக்குப் புதிதாக வருகிறவர் மேல் நம்பிக்கையே வராது. அதனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதே நாள், அதே நேரம், குறைந்தது ஒரு பருவம் முழுக்க முடியுமென்றால் மட்டும் இதில் இறங்குங்கள். வேலை நேரம் அடிக்கடி மாறுகிறவர்கள், பரீட்சை நெருங்கும் மாணவர்கள் இப்போதைக்கு வேறு வழி பார்ப்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒருநாள் பணி என்றால் கடற்கரை சுத்தம் செய்வது, ரத்ததான முகாமில் பதிவு மேசையில் உட்காருவது, ஓட்டப் பந்தயத்தில் தண்ணீர் கொடுப்பது. ஆரம்பிக்க எளிது, ஒருவர் குறைந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். ஒரு அமைப்பு எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை, அவ்வளவுதான் இதன் பலமும். ஆனால் ஒருநாள் பணி எல்லாமே லேசானது என்று நினைத்துவிடக் கூடாது. பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அன்று காலையில் நீங்கள் போகவில்லையென்றால் அவருடைய ஒரு வருடமே போய்விடலாம். அந்த வேலைக்குத் தனிக் கட்டுப்பாடும் வேண்டும். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், விடை தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. பேரிடர் நேரத்து உதவியும் இப்படித்தான். வெள்ளம் வந்த பிறகு பை தூக்கிக்கொண்டு தானாகக் கிளம்புகிறவர், அங்கே சாப்பாடும் தங்க இடமும் தேடும் இன்னொரு ஆளாக ஆகிவிடுவார். முன்கூட்டியே ஒரு அமைப்பில் பதிந்து, முதலுதவி கற்றுக்கொண்டு, அழைத்தால் போவதே உதவி.

இணையவழிப் பணியை இன்னமும் பலர் இரண்டாந்தரமாகவே நினைக்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தைப் பாருங்கள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அங்கிருக்கும் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள், மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தின. வேலை எளிமையானதுதான்: படத்தில் தெரியும் கூரையின் நாலு மூலையையும் சொடுக்க வேண்டும், ‘க்யூ’ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாக நேராகும், அடுத்த கூரை. நிழலையும் கூரையென்று நினைத்து வரைவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, அனுபவமுள்ள இன்னொருவர் சரிபார்ப்பதால் அது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஒரு வாரம் வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை, நீங்கள் விட்ட இடத்தை வேறொருவர் வரைவார்.

2015-இல் வந்த ‘பி மை ஐஸ்’ செயலியும் அதே தன்மையுள்ளது. பார்வையற்ற ஒருவர் காணொளியில் அழைத்து, இந்த மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி என்ன என்று கேட்பார், நீங்கள் “கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க, வெளிச்சம் அடிக்குது” என்று சொல்லிப் படித்துக் காட்டுவீர்கள். அழைப்பு ஒரே நேரத்தில் பலருக்குப் போவதால் நீங்கள் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள், உதவி கேட்பவர்களைவிட அங்கே தன்னார்வலர்கள் பல மடங்கு அதிகம், எனவே அழைப்பு வர நாளாகும். தினமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு வரைபடம்தான் பொருத்தம்.

மனம் உடைந்தவர்கள் அழைக்கும் உதவி எண்களில் பேசுவது, தொலைபேசி வழிதான் என்றாலும், வாரப் பணியைவிடக் கனமானது. லண்டனில் 1953-இல் சமாரிட்டன்ஸ் என்ற உதவி எண் அமைப்பு தொடங்கிய காலத்திலிருந்து இதன் அடிப்படை அறிவுரை சொல்வதில்லை, கேட்பதுதான். முறையான பயிற்சி இல்லாமல் உங்களை நேராக அழைப்பில் உட்காரவைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். சமீபத்தில் ஒரு இழப்பைச் சந்தித்தவர்களும் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம்.

அடுத்து வெளிநாடு. இதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. ஒன்று, முறையாகத் தேர்ந்தெடுத்து அனுப்பும் திட்டங்கள். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் 1961-இல் தொடங்கியது, அதன் வழக்கமான பணிக்காலம் பயிற்சியோடு சேர்த்து 27 மாதம். 1970-இல் உருவான ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் களத்துக்குப் போகிறவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு, தேர்வும் கடுமையானது. மற்றது, நீங்கள் காசு கட்டி இரண்டு வாரம் போய்வரும் பேக்கேஜ். அதிலும் குழந்தைகள் இல்லங்களில் ‘சேவை’ என்று வந்தால் தயவுசெய்து போகாதீர்கள். அந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், வருகிறவர்கள் தரும் பணமே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவரும் காரணமாகிவிடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமே இந்த ஆபத்தைக் குறிப்பிட்டது.

எந்த வழியானாலும் சேரும் முன் கேளுங்கள்: எனக்கு மேலே பொறுப்பாளர் யார், போக்குவரத்துச் செலவு தருவீர்களா, அடிபட்டால் காப்பீடு உண்டா, குழந்தைகளோடு வேலை என்றால் என் பின்னணியைச் சரிபார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு “அதெல்லாம் வேண்டாம், நாளைக்கே வாங்க” என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். உங்களை விசாரிக்காதவர்கள் வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள். அப்புறம், எடுத்தவுடன் ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சில வாரம் கூட இருந்து பார்க்கிறேன், பிறகு என்னால் எவ்வளவு காலம் முடியும் என்று சொல்கிறேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதுவரை ஒரு பிள்ளையின் பொறுப்பை முழுதாக ஏற்காமல், ஏற்கெனவே இருப்பவருக்குத் துணையாக மட்டும் உட்காருங்கள்.