ஆறு வருஷமாக ஏபிசி-சை7: இன்னும் சண்டை ஓயவில்லை

கூடப் படித்த சிநேகிதி போன வாரம் கேட்டாள்: "எட்டுக் கலர் பேனல் போடறேன்டி, சிடி4-க்கு ஏபிசி-சை7 வாங்கலாமா?" போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். ஃப்ளோ சைட்டோமெட்ரி சமாசாரம் இது: செல்களின் மேலுள்ள புரதங்களில் (சிடி4, சிடி8 எல்லாம் அவற்றின் பெயர்கள்) ஒளிரும் சாயம் கோத்த ஆன்டிபாடிகளை ஒட்டவிட்டு, லேசர் மெஷினில் ஓட்டி, எந்தக் கலர் தெரிகிறது என்று பார்ப்போம். எட்டுச் சாயம் சேர்ந்தால் எட்டுக் கலர் பேனல்; ஏபிசி-சை7 அப்படியொரு சாயம்.

ஆன்டிபாடியின் மேல் எனக்குப் புகாரே இல்லை. எவ்வளவு போதும் என்று அளவை மாற்றி மாற்றி டைட்ரேஷன் போட்டுப் பார்த்ததில் கம்பெனி சொன்ன அளவில் பாதியே போதுமாக இருந்தது. வம்பெல்லாம் அதோடு ஒட்டியிருக்கும் சாயத்தில்தான். இது இரட்டைச் சாயம்: சிவப்பு லேசரை ஏபிசி வாங்கி சை7-க்குக் கை மாற்றிவிட, அது 780 நானோமீட்டர் பக்கம் ஒளிரும். வெளிச்சம் பட்டாலோ, செல்லைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபிக்சேட்டிவில் நெடுநேரம் கிடந்தாலோ, ஸ்டெயின் ஆன செல்கள் ஐஸ் இல்லாமல் வெளியே இருந்தாலோ (மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் இதில் மகா மோசம்) அந்தக் கைமாற்று அறுந்துபோகும். அப்புறம் ஏபிசி தன் பாட்டுக்கு 660-ல் ஒளிரும். மெஷினுக்கு என்ன தெரியும்? ஏபிசி பாசிட்டிவ் என்று எழுதிவிடும்.

எங்கள் பேனலில் அந்த ஏபிசி சேனலில், அதாவது 660-ஐப் படிக்கும் இடத்தில், இருந்தது சிடி8. ஒருநாள் சிடி4 செல்கள் கூட்டமாக, மங்கலான சிடி8-உடன் மேலே ஏறி நின்றன. டி செல் என்ற வெள்ளை அணுவில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும்; ஆனால் இரண்டும் உள்ளவை ரத்தத்தில் நிஜமாகவே கொஞ்சம் உண்டு. அதுதான் விபரீதமாகப் போனது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மனசுக்குள் பேப்பருக்குத் தலைப்பே வைத்தாயிற்று. மூன்று நாள் கழித்து சிடி4 மட்டும் போட்ட கண்ட்ரோல் ட்யூபை அதே ரேக்கிலிருந்து ஓட்டினால், அதிலும் "சிடி8" இருக்கிறது! அன்றைக்கு மெஷினுக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரம் ரேக்கை ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தது நான்தான். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலேயே இருந்த, பிஇ என்ற தனிச் சாயம் போட்ட ட்யூப் சமர்த்தாகத்தானே இருந்தது? தனிச் சாயம் கெட்டால் மங்கும், அவ்வளவுதான். இது கெட்டால் பொய் சொல்கிறது.

அதற்கப்புறம் ரேக்குக்கு அலுமினியம் ஃபாயில், அடியில் ஐஸ். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொரு சேனலில் கசிவதைக் கழிக்கும் கணக்கு) மறுபடி முதலிலிருந்து, அதுவும் அதே குப்பியிலிருந்து எடுத்து. சிடி8-ஐ வேறு கலருக்கு நகர்த்திவிட்டு ஏபிசி-யில் சிடி19 வைத்தேன். பி செல்லின் அடையாளமான அந்த சிடி19 டி செல்லில் தெரிந்தால் சாயம் உடைந்திருக்கிறது என்று அப்போதே பிடித்துவிடலாம். இதே மாதிரி இரட்டைச் சாயமான ஏபிசி-எச்7 இதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் பிரகாசம் குறைவு, எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது இரண்டு வருஷமாகத் தொல்லை இல்லை. மெஷின் தரும் வரைபடம் கண்ணாடி மாதிரி சுத்தமாக வருகிறது.

சிநேகிதிக்கு "வாங்காதே" என்றுதான் பதில் போட்டேன். "நீ என்ன போடறே?" என்று திருப்பிக் கேட்டாள். இந்த மாத இண்டெண்டில் (லேபுக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியல்) அதே ஏபிசி-சை7 குப்பி இரண்டு எழுதியிருக்கிறேன், அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.