கண்ணுக்கு ஒரு பூ, மூக்குக்கு ஒரு பூ: தோட்டமா, கேமராவா?

என் அக்காள் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அவன் பங்குக்கு வந்த வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கிறது. சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடியில் வெறுமனே கிடக்கும் இடத்தில் ஒரு பூந்தோட்டம் போடலாமா, அல்லது அந்தப் பணத்துக்கு நல்ல கேமரா ஒன்று வாங்கி, வரும்போதெல்லாம் ஊரிலுள்ள பூக்களைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டான். இரண்டையும் பல ஆண்டுகளாகச் செய்து, இரண்டிலும் நட்டப்பட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். செட்டிநாட்டில் எந்தப் பேச்சும் அங்கேதான் தொடங்கியாக வேண்டும். வற்றாத ஆறு பாயாத செம்மண் பூமி இது. பல இடங்களில் ஓரடி தோண்டினாலே செம்புறாங்கல் கடப்பாரையைத் திருப்பி அனுப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஊரணியில் தேக்கி வைத்து, அடுத்த மழைவரை அதை எண்ணி எண்ணிச் செலவழித்த ஊர்கள் இவை. வீட்டின் நடுவாசலில் விழும் மழையைக்கூட அண்டாவில் பிடித்து வைத்த அப்பத்தாக்களின் பேரன், சித்திரை வெயிலில் முப்பது தொட்டிக்குக் காலையும் மாலையும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவது எனக்கு எப்போதும் சற்று உறுத்தலாகவே இருந்திருக்கிறது. உறுத்தலைப் பொறுத்துக்கொண்டாலும் உப்பைப் பொறுக்க முடியாது. எங்கள் கிணற்றுக் கடினநீர் இரண்டு கோடையில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொரிகளாகப் படிந்தது. மல்லிகையின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளித்துப் போயின. அது இரும்புச்சத்துக் குறை என்றும், அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்வதற்குள் ஒரு பருவம் கழிந்துவிட்டது. கேமராவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆவாரஞ்செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சாலையோரச் சரளையில் அது தானாகப் பூத்து நிற்கிறது. நாம் போய் நின்றால் போதும்.

ஆனால் பணத்தையும் தண்ணீரையும் கூட்டிக் கழித்து இதைத் தீர்த்துவிட முடியாது. நம்மிடையே பூ என்பது பார்ப்பதற்காக மட்டும் இருந்ததே இல்லை. தொடுப்பதற்கு, சூடுவதற்கு, சாமிக்குச் சாத்துவதற்கு, வேப்பம்பூவானால் ரசத்தில் போடுவதற்கு என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வேலை உண்டு. மல்லிகையை எடுத்துக்கொள்வோம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, எரு வைத்து, மார்ச் மாதத்தில் அது மொட்டுவிடத் தொடங்கும்போது அந்தச் செடியை நாம் என்ன செய்கிறோம்? மலர்வதற்கு முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறோம். அது மலர்வது பெரும்பாலும் கூந்தலில், அதுவும் அந்திக்குப் பிறகு. மல்லிகை மலர்ந்து நிற்பதைச் செடியிலேயே உற்றுப் பார்த்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? மணத்தாலும், நாரோடு சேர்த்து முடிச்சுப் போடும் விரல்களாலும் அறியப்படுகிற பூ அது. அதைப் படம் பிடிக்க முயன்றால் கேமராவின் இயலாமை நன்றாகத் தெரியும். மலரும் நேரம் வெளிச்சம் குறைந்த நேரம். வெள்ளைப் பூ பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், எதையும் நடுத்தரச் சாம்பலாக்கிவிட முயலும் கேமராவின் ஒளிமானி அதை அழுக்கு வேட்டிபோலக் காட்டும். ஒளியளவைக் கையால் ஒரு படி கூட்டி வைத்து எடுத்தால் வெண்மை திரும்பி வரும். அத்தனையும் சரியாகச் செய்து எடுத்த என் மல்லிகைப் படத்தைப் பார்த்து என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, “வாசம் எங்கே?” என்பதுதான். மல்லிகை, சந்தனமுல்லை, மகிழம்பூ ஆகியவற்றில் தோட்டமே வெல்லும். மரத்தில் மகிழம்பூ கண்ணுக்கே எளிதில் படாது; உதிர்ந்து காய்ந்த பிறகும் பெட்டியில் மணத்துக்கொண்டிருக்கும். அதைப் படமெடுத்து என்ன செய்வது?

இதற்கு நேர்மாறான பூக்களும் உண்டு. என் சாய்வு அவற்றின் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆவாரம்பூவை மணத்துக்காக யாரும் தேடுவதில்லை. பொடியாகவும் கஷாயமாகவும் அறிந்த அந்த மஞ்சள் பூவை, மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கிய பிறகுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதன் மகரந்தப்பைகள் மற்றப் பூக்களில்போல நீளவாக்கில் வெடிப்பதில்லை; நுனியில் ஒரு சிறு துளை மட்டுமே இருக்கிறது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ வந்து பற்றிக்கொண்டு, தன் உடலை அதிர வைத்து, உப்புக் குப்பியைத் தட்டுவதுபோல மகரந்தத்தை உதிர வைக்கிறது. அந்த ரீங்காரத்தைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அது பறக்கும் ஓசை என்றே நினைத்திருந்தேன். வேலியோரத்துச் செங்காந்தளும் அப்படித்தான். மழைக்காலத்தில் கிழங்கிலிருந்து எழுந்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டிக்கொண்டு ஏறி, மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாளுக்கு நாள் சிவந்து, இதழ்களை மேல்நோக்கி மடித்துக்கொள்ளும் அந்தப் பூவில், சூலகத்தண்டு மட்டும் செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மாநில மலர் என்று பாடப்புத்தகத்தில் படித்த எவருக்கும் இது நினைவிருப்பதில்லை. இதைத் தொட்டியில் வளர்க்கலாம்தான். ஆனால் கண்வலிக்கிழங்கு என்ற அதன் இன்னொரு பெயரையும், கிழங்கு முதலாக எல்லாப் பாகமும் கொடிய நஞ்சு என்பதையும் அறிந்தவர்கள், குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதை நட மாட்டார்கள். எருக்கும் அதே வகை. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வீட்டில் வளர்ப்பவர் அரிது. ஆனால் பிள்ளையார்பட்டிக்குப் போகும் கூட்டத்தில் எருக்கமாலை இல்லாமல் முடியாது. கிரீடம் வைத்ததுபோன்ற அதன் நடுப்பகுதியையும், இலையடியில் முட்டையிட வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியையும் ஒரே காலையில் படமெடுக்கலாம். செலவு, செருப்பில் ஏறும் நெருஞ்சி முள் மட்டுமே.

கேமராவின் கணக்கில் சில கடுமையான விதிகள் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பூவை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் மேக்ரோ லென்ஸில், ஒளி நுழையும் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும், முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ளதில்) தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். செம்பருத்தியின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து சிவந்த சூல்முடிகளில் இரண்டு தெளிவாக இருந்தால் மூன்று கலங்கிவிடும். துளையை இன்னும் சுருக்கினால் ஒளி குறையும்; ஒளி குறைந்தால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் குறையும்; வேகம் குறைந்தால், ஆடிக்காற்று பூவை ஆட்டி வைத்துக் கலங்கலாக்கிவிடும். செம்பருத்தியில் இன்னொரு சங்கடம்: அதன் சிவப்பு சென்சாரை நிரப்பி வழிந்து, இதழின் நரம்புகளெல்லாம் மறைந்து, அரக்குத் தகடுபோல ஆகிவிடும், அங்கே ஒளியளவைக் குறைக்க வேண்டும். மல்லிகைக்குக் கூட்டச் சொன்னவன் இங்கே குறைக்கச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது என்றுதான் பொருள். தோட்டக்காரர் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் ஊற்றுவதில்லை. போனிலேயே மேக்ரோ இருக்கிறதே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: பல போன்கள் அகலக்கோண லென்ஸையே பூவுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய் இதைச் சாதிக்கின்றன, அந்த நெருக்கத்தில் போனின் நிழலே பூவின் மேல் விழுந்துவிடும். தொடங்குவதற்கு அது போதும்; கேமராவை ஓராண்டு கழித்து வாங்கலாம்.

ஒளி விஷயத்தில் செட்டிநாட்டு வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். திறந்த நடுவாசலுக்கு மேலிருந்து இறங்கும் வெளிச்சம், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்துப் பளபளக்கும் சுவரில் பட்டுத் திரும்பி, நிழல் கடினமாக விழாமல் பரவுகிறது. வளவுத் திண்ணையில் ஒரு செம்பில் இரண்டு நந்தியாவட்டைக் கிளையை வைத்தால், காலை எட்டிலிருந்து பத்துவரை எந்த விளக்கும் வேண்டியதில்லை. பின்னணிக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பயன்படுத்தலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது, அது தவறு. அந்தக் கல்லே ஒரு பூ. தரையில் அச்சிட்ட பூவும் செம்பிலுள்ள பூவும் ஒன்றையொன்று தின்றுவிடும். காரைபூசிய வெறுஞ்சுவரே மேல். இந்த வீடுகளின் நிலைக்கதவில் செதுக்கிய தாமரையும் கொடியும், பூவைப் பார்த்துப் பார்த்துக் கைவந்த தச்சரின் வேலை. பெர்லினில் கைவினைக்கலை மாணவர்களுக்குச் செடி வடிவங்களைக் கற்பிக்க, கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்ற ஆசிரியர் (1865–1932) மொட்டுகளையும் சுருள்தளிர்களையும் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்துக் காட்டினார். சுருளும் கொழுந்தும் இரும்புக் கிராதி போலவே நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியின் வளைவு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

படமெடுப்பவன் பூவை அனுபவிப்பதில்லை, தள்ளி நின்று பார்க்கிறான், அவ்வளவுதான் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று எங்கள் பெரியப்பா என் கேமராவைக் காட்டிச் சொல்வார். பதிலாக அப்பத்தாவை நினைவூட்டுவேன். நந்தவனத்திலிருந்து சாமிக்கு வரும் பூவை முகர்ந்துவிட்டால் அது எச்சில் என்று கையைத் தட்டிவிடுவாள். பூக்குடலையை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் வருவாள். முகராமல், சூடாமல், கண்ணால் மட்டும் பார்த்து மகிழ்வதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கேமராவைக் கண்ணால் காணாதவர்கள். கோயிலுக்குள் படம் எடுக்க விட மாட்டார்கள் என்பது வேறு. அது சரியான விதி என்றே நினைக்கிறேன்.

தோட்டம் கொடுத்து, கேமரா ஒருபோதும் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு: ஒரே செடியுடன் ஆண்டு முழுவதும் இருப்பது. செம்பருத்தித் தண்டில் மாவுப்பூச்சி அப்பிய நாள், அதைச் சுற்றி எறும்பு காவல் நின்ற நாள், எல்லாம் போய்விட்டது என்று வெட்டிப்போட்ட கட்டையிலிருந்து கொழுந்து எட்டிப் பார்த்த நாள், இவை மாலைநேரத்தில் லென்ஸோடு வருகிறவருக்குக் கிடைக்காதவை. படக்காரர் பூவின் நல்ல அரைமணி நேரத்தை மட்டும் சந்திக்கிறார். இதற்கு எதிர்வாதமும் உண்டு. ஒவ்வொரு படக்கோப்பிலும் தேதி பதிவாகிவிடுவதால், எங்கள் கண்மாய்க்கரைக் கொன்றை எந்த ஆண்டு எந்த வாரத்தில் முதல் சரத்தை விட்டது என்று பத்தாண்டுக்கு என்னால் சொல்ல முடியும். எந்தத் தோட்டக்காரரும் அப்படிக் குறித்து வைப்பதில்லை. பெயர் தெரியாத காட்டுப் பூவாக இருந்தால், பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, காய், பூவின் அடிப்புறம் ஆகியவற்றையும் எடுத்து, 2008 முதல் இயங்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால், பெயர் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நிலைத்திருப்பது எது என்ற கேள்விக்கு, படம்தான் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாதம் ஊரில் இல்லை. தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்த ஆள் பாதியில் நின்றுவிட, இருபத்திரண்டு தொட்டி கருகியது. அதே ஆண்டில் ஹார்டு டிஸ்க் ஒன்று பழுதாகி, பிரதி எடுத்து வைக்காத ஆறாண்டுப் படங்கள் போயின. தொட்டி கருகிய இடத்தில், அடுத்த ஐப்பசி மழைக்கு, பழைய பவளமல்லியின் விதை மூன்று தானாக முளைத்தது. படங்கள் முளைக்கவில்லை.

ஆகவே அக்காள் மகனுக்கு நான் சொன்னது இதுதான். பூட்டிய வீட்டில் மல்லிகையும் ரோஜாவும் வைக்காதே. அவை தினம் ஒரு கை கேட்கும். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்காலத்தில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை வா. முன்னதில் காந்தளும் ஊரணியில் ஆம்பலும், பின்னதில் கொன்றையும் வேம்பும் உனக்காகக் காத்திருக்கும். தாமரைக்கு விடியற்காலையில் எழு. வெயில் ஏறினால் அது மூடிக்கொள்ளும். படத்தைச் சுத்தமாக்குவதற்காகப் பக்கத்துச் செடியைப் பிடுங்காதே. பனித்துளி வேண்டுமென்று தெளிப்பானில் தண்ணீர் அடிக்காதே, அது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. கிணற்றடியில் எதையாவது வைத்தே தீருவேன் என்றால், அரளியும் நந்தியாவட்டையும் போதும். வேர் பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அரளியும் நஞ்சுதான், பிள்ளைகளிடம் சொல்லி வை.

இவற்றோடு ஒரு பவளமல்லியும் நடச் சொன்னேன். அந்தியில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் அந்தப் பூவில் தோட்டக்காரருக்கும் படக்காரருக்கும் தகராறே இல்லை. மண்ணில் விழுந்ததை எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்று விலக்குப் பெற்ற பூ அது. எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு முன்பே, பவளக் காம்பும் வெள்ளை இதழுமாக, பாதி கவிழ்ந்தும் பாதி நிமிர்ந்தும் கிடக்கும் அந்தத் தரையை நான் குந்தியமர்ந்து எடுத்து முடிப்பேன். பின்னால் தாம்பாளத்தோடு நிற்கும் என் மனைவி, “எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுப் பொறுக்கத் தொடங்குவாள்.