போட்டுப் பார்ப்பதா, இயற்கணிதமா, எலக்ட்ரான் கணக்கா?

வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்ய, அதாவது இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கையைச் சரிக்கட்ட, எது சுலபமான வழி என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், எந்தச் சமன்பாடு என்று திருப்பிக் கேட்பேன். பதில் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

சமையல் கேஸில் இருக்கும் புரோப்பேன் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன். அப்போது கார்பன் டை ஆக்சைடு 3, தண்ணீர் 4. வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 6 + 4 = 10. ஆக, ஆக்சிஜன் மூலக்கூறு 5. இதற்குப் போட்டுப் பார்க்கும் முறையே போதும், அரை நிமிட வேலை. ஆக்சிஜனைக் கடைசிக்கு ஒதுக்கியதில்தான் சூட்சுமம்: தனியாக நிற்கும் தனிமத்தின் கெழுவை (வாய்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணை) மாற்றினால் வேறெதுவும் கலையாது. பியூட்டேனுக்கு ஆக்சிஜன் ஆறரை என்று வரும். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணீர் 10. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஆக்சிஜன் குறைகிறதே என்று தண்ணீரின் வாய்பாட்டுக்குள் கைவைத்து 2 போட்டால், அது தண்ணீரே இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரிவதற்கு வந்தால் போட்டுப் பார்த்து மாளாது. இங்கே இயற்கணிதம் அழகாக வேலை செய்யும். பெர்மாங்கனேட்டின் கெழு 1 என்று வையுங்கள். பொட்டாசியம் குளோரைடு 1, மாங்கனீஸ் குளோரைடு 1. பெர்மாங்கனேட்டில் இருக்கும் 4 ஆக்சிஜனும் தண்ணீராவதால் தண்ணீர் 4. அதற்கு 8 ஹைட்ரஜன் வேண்டும், ஆக அமிலம் 8. எட்டுக் குளோரினில் உப்புகளுக்கு 3 போக மிச்சம் 5 அணு, அதாவது குளோரின் வாயு இரண்டரை. இரண்டால் பெருக்கினால் இடப்பக்கம் பெர்மாங்கனேட் 2, அமிலம் 16. வலப்பக்கம் உப்புகள் 2, 2, குளோரின் 5, தண்ணீர் 8. அமிலத்தில் ஒரு பகுதி மட்டுமே ஆக்சிஜனேற்றம் அடைகிறது (எலக்ட்ரானை இழக்கிறது) என்பதைக்கூட நாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இதுவே போதாதா? போதாது. இதே பெர்மாங்கனேட்டை, கந்தக அமிலம் சேர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிய விடுங்கள். பெர்மாங்கனேட் 2, கந்தக அமிலம் 3 என்பது உறுதி. பெராக்சைடு 5 என்றால் தண்ணீர் 8, ஆக்சிஜன் வாயு 5; அணுக்கள் சரியாக இருக்கும். பெராக்சைடு 7, தண்ணீர் 10, ஆக்சிஜன் 6 என்று போட்டாலும் சரியாக இருக்கும்! 1, 4, 3 என்றாலும் அப்படியே. பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது. அந்தச் சிதைவை எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கணக்கு இடிக்காது. அணுக்களை மட்டும் எண்ணுகிறவருக்கு இதில் எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

எலக்ட்ரானை எண்ணினால் ஒரே வரியில் தீர்ந்துவிடும். மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் (அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாகக் கணக்கு வைக்கிறோம் என்பது) +7 இலிருந்து +2 க்கு இறங்க 5 எலக்ட்ரான், இரண்டு மாங்கனீசுக்கு 10. ஒரு பெராக்சைடு கொடுப்பது 2. அப்போது பெராக்சைடு 5தான், வேறு எதுவும் இல்லை.

எலக்ட்ரான் கணக்கிலும் ஆக்சிஜனேற்ற எண் முறை, அயனி-எலக்ட்ரான் முறை என்று இரண்டு உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவது. பெராக்சைடில் ஆக்சிஜனின் எண் -1 என்பதை மறந்து -2 என்று எழுதித் தடுமாறுபவர்கள் நிறைய. எலக்ட்ரான் கொடுப்பது ஒன்று, வாங்குவது ஒன்று என்று இரண்டு அரை வினைகளாகப் பிரித்தால் அந்த எண்ணே தேவையில்லை. அமில ஊடகத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தண்ணீர், ஹைட்ரஜன் குறைந்தால் ஹைட்ரஜன் அயனி, மின்சுமை இடித்தால் எலக்ட்ரான். எழுத்துவேலை அதிகம்தான், ஆனால் கடைசியில் மின்சுமையைக் கூட்டிப் பார்த்தாலே தவறு காட்டிக்கொடுத்துவிடும்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் இரும்பு உப்பை பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது (டைட்ரேஷன்), கூம்புக் குடுவையில் நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் பெர்மாங்கனேட்டுக்கும் இரும்புக்கும் வரும் 1 : 5 விகிதத்தை மனப்பாடம் செய்திருந்தால், இரண்டு அரை வினைகளையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.