மச்சான் வீட்டு சப்வூஃபரில் ஒரு லண்டன் ஆர்கன்

லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இந்த ஆர்கன் ஆல்பத்தை (ஆர்கன் என்றால் குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பிரமாண்டக் கருவி) முதலில் லேப்டாப்பில் போட்டுக் கேட்டுவிட்டு, 'இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்று மூடி வைத்தேன். தப்பு என்னுடையதுதான். போன வாரம் மச்சானிடம் தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை இரவல் வாங்கி வந்து மறுபடி போட்டேன். சமையலறை அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிர்ரென்று நடுங்க ஆரம்பித்தது.

2014 மார்ச் 26 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு இது. லண்டன் ஃபில்ஹார்மோனிக் தன் சொந்த லேபிளிலேயே வெளியிட்டிருக்கிறது. இசைக்குழுவை நடத்தியவர் யானிக் நெசே-செகன். ஆர்கனில் ஜேம்ஸ் ஓ'டானல், அப்போது லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் ஆர்கன் கலைஞர். இரண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் இரண்டே படைப்புகள்: பூலாங்கின் ஆர்கன் கன்செர்ட்டோ (ஒரு தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது), சான்-சான்ஸின் மூன்றாம் சிம்பொனி (முழு இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு, இதில் ஆர்கனும் சேரும்).

தேதியைக் கவனியுங்கள். அந்த அரங்கின் ஆர்கன் முழுசாகத் திரும்பி வந்ததே மார்ச் 18இல்தான். 1954இல் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் கம்பெனி கட்டிய கருவி, மொத்தம் 7,866 குழாய்கள். 2005இல் அரங்கைப் புதுப்பிக்க மூடியபோது கழற்றினார்கள். 2007இல் அரங்கம் திறந்தும் மூன்றில் ஒரு பங்குதான் திரும்ப ஏறியது. மிச்சத்துக்குப் பணம் சேர்த்துப் பூட்டி முடிக்க இன்னும் ஏழு வருஷம். முழு மூச்சு திரும்பிய எட்டாம் நாள் வாசிப்பைத்தான் நாம் கேட்கிறோம்.

சான்-சான்ஸ் சிம்பொனியின் புகழ்பெற்ற பதிவுகள் சிலவற்றில் இசைக்குழு ஓர் ஊரில், ஆர்கன் வேறு ஊரில். 1970களில் இசைக்குழு நடத்துநர் பாரன்பாய்ம் சிகாகோவில் எடுத்த பதிவுக்கு ஆர்கனை பிரான்ஸின் ஷார்த்ர் கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்தில் தனியாக எடுத்து ஒட்டினார்கள். பிரமாண்டமாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு பேரும் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒரே அறை, ஒரே நேரம்.

எல்லோரும் காத்திருப்பது கடைசிப் பகுதியில் இடி மாதிரி இறங்கும் அந்த சி மேஜர் கார்டுக்கு (கார்டு என்றால் பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது). அது நன்றாகவே இறங்குகிறது, சரி. எனக்குப் பிடித்தது அதற்கு வெகுமுன்னால், மெதுவான பகுதியில் ஆர்கன் முதன்முதலாக நுழையும் இடம். வயலின் மாதிரியான தந்திக் கருவிகளுக்கு அடியில் யாரோ ஜமக்காளம் விரித்த மாதிரி சத்தமில்லாமல் வருகிறது. 32 அடி நீளக் குழாயின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 16 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பதினாறு அதிர்வு. அதைக் காது சுரமாகப் பிடிப்பது கஷ்டம், நெஞ்சுக்குத்தான் தெரியும். சின்ன வயதில் ஊர்க் கோயிலில் கால் மிதி ஆர்மோனியத்துக்கு அருகில் உட்கார்ந்து பாடியவன் நான். வாசிப்பவர் மிதிக்க மிதிக்கப் பலகை வழியே உடம்பில் ஏறும் அதிர்வு நினைவுக்கு வந்தது.

ஆனால் காசு கொடுத்து வாங்கச் சொல்வது பூலாங்குக்காக. 1938இல் முடித்தது. ஆர்கன், தந்திக் கருவிகள், டிம்பனி என்ற பெரிய முரசு, அவ்வளவுதான். புல்லாங்குழலோ டிரம்பெட்டோ எதுவும் கிடையாது, அந்த வேலையெல்லாம் ஆர்கன் தலையில். அப்பளம் உடைகிற மாதிரி ஒரு ஜி மைனர் கார்டில் ஆரம்பித்து, நடுவில் திருவிழாக் கடைத்தெரு மாதிரி குதித்துவிட்டு, அப்புறம் சட்டென்று முழந்தாளிடும். ஓ'டானல் அந்தத் திருப்பங்களில் அலட்டிக்கொள்வதே இல்லை. டிம்பனியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது.

அப்படி விழக் காரணம் எதிரொலி சீக்கிரம் அடங்கிவிடும் அரங்கின் வறட்டு ஒலி. 1951இல் திறந்த நாளிலிருந்தே அந்த அரங்கின் மேல் இந்தப் புகார் உண்டு. கதீட்ரல் போல எதிரொலி நீண்டு கரைய வேண்டும் என்பவர்களுக்கு, சிம்பொனியின் முடிவு கத்தரித்த மாதிரி இருக்கும். எனக்கே அங்கே இன்னும் இரண்டு விநாடி வேண்டியிருந்தது. பூலாங்குக்கு அதே வறட்சி வரம்.

இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதிக் கருவி காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போதும். சப்வூஃபரைத் திருப்பிக் கேட்டு மச்சான் இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.