பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு: வைப்பர் நின்றால் உடனே மோட்டாரை மாற்றாதீர்கள்

குன்னூரில் 2008 மாடல் மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் இறங்கியபோது டிரைவர் பக்க வைப்பர் பாதியில் நின்றுவிட்டது. இடது பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே மெயின் ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இதே வேலையை எந்த ஊரிலும் யாரும் செய்யலாம் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

"மோட்டார் போயிருச்சு சார். பழைய வண்டிக்குப் புது மோட்டார் கிடைக்கிறதே கஷ்டம், ஒண்ணே ஒண்ணு கைவசம் இருக்கு" என்றார்கள். மோட்டாருக்கு 4,200 ரூபாய். பிளேடும் தேய்ந்துவிட்டது என்று ஃபிரேம் இல்லாத புது மாடல் பிளேடு ஒரு ஜோடி, 1,600. சாயங்காலம் வண்டி தயாராக இருந்தது, வைப்பரும் ஓடியது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பழைய மோட்டாரைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்."

கல்லாறு தாண்டி மலை ஏறும்போது மழை வலுத்தது. புது பிளேடு கண்ணாடியின் மேலும் கீழும் துடைத்தது, நடுவில் ஒரு பட்டை அப்படியே தண்ணீராக நின்றது. சரியாக நான் பார்க்கும் இடம். பர்லியாறு வருவதற்குள் டிரைவர் பக்க பிளேடு கொக்கியிலிருந்து கழன்று பறந்துவிட்டது. சுவிட்சை அணைப்பதற்குள் வெறும் இரும்புக் கொக்கி கண்ணாடியில் அரைவட்டமாகக் கோடு போட்டுவிட்டது. அந்த வளைவுகளில், எதிரே லாரி லைட் அடிக்க, மழையில் முன்னால் எதுவும் தெரியாமல் போவது என்றால் என்ன என்று இந்த ரோட்டில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். வண்டியில் அம்மாவும் இருந்தார். பணத்தைவிட எனக்குக் கோபம் அதில்தான்.

மறுநாள் குன்னூரில் எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் தம்பியிடம் காட்டினேன். மோட்டார் பளபளவென்று கறுப்பாக இருந்தது. அவன் டார்ச் அடித்துக் காட்டினான்: "இந்த போல்டைப் பாருங்கண்ணா, ஸ்பேனரே படல." போல்ட் தலையில் பழைய துரு அப்படியே இருந்தது, அதன் மேலேயே ஸ்ப்ரே பெயின்ட். வயர் கப்ளர் மேல்கூட பெயின்ட் தெறித்திருந்தது. என் பழைய மோட்டாருக்குப் பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள். உண்மையில் நடந்த ரிப்பேர் ஒன்றுதான்: வைப்பர் கையின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் நட்டை இறுக்கியது.

ஒரே மோட்டார்தான் இரண்டு வைப்பர் கைகளையும் இரும்பு இணைப்புக் கம்பிகள் வழியாக ஆட்டுகிறது. ஒரு பக்கம் ஓடி, மறு பக்கம் நின்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கையின் நட்டு லூசாகி, கையைப் பிடித்திருக்கும் தண்டின் பல் வழுக்கியிருக்கும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் இணைப்புக் கம்பியின் மூட்டில் உள்ள புஷ் (சின்ன வளையம்) தேய்ந்து கழன்றிருக்கும். இரண்டுமே நின்று, மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டாலும் கோளாறு அந்த இணைப்புக் கம்பியில்தான். சத்தமே இல்லை என்றால்கூட முதலில் ஃபியூஸ், அப்புறம் சுவிட்ச், அதற்கும் பிறகுதான் மோட்டார். இதைச் சொல்லிக் கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பிளேடு விஷயத்திலும் ஏமாற்றுதான். ஜிப்ஸியின் முன் கண்ணாடி தட்டை. ஃபிரேம் இல்லாத பிளேடு வளைந்த கண்ணாடிக்காக முன்கூட்டியே வளைத்துச் செய்வது. வைப்பர் கையில் இருக்கும் பழைய ஸ்பிரிங்கின் அழுத்தம் அதை நிமிர்த்தப் போதாமல் போனால் நடுப்பகுதி தூக்கிக்கொண்டுதான் நிற்கும். தட்டைக் கண்ணாடிக்குப் பழைய இரும்பு ஃபிரேம் பிளேடுதான் சரி, விலையும் குறைவு. வாங்கும்போது நீளத்தோடு கொக்கியின் அகலத்தையும் பார்த்து, அதற்குப் பொருந்தும் கிளிப் போடச் சொல்லுங்கள். மாட்டியதும் 'டக்' என்று பூட்டுகிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். எனக்குப் போட்ட கிளிப் அளவு பெரிது, பூட்டவே இல்லை. பிளேடைக் கழற்றியபின் கையைத் தூக்கியபடி விடவும் கூடாது. ஸ்பிரிங் வேகத்தில் அடித்தால் கண்ணாடி விரிசல் விடும். கீழே ஒரு தடித்த துணி போட்டு வையுங்கள்.

ஃபிரேம் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றினாலே போதும். மலை வெயிலில் அது சீக்கிரம் விறைத்துவிடுகிறது. மழை தொடங்கும் முன்பே விளிம்பைத் தொட்டுப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடலாம். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தால் கோடு விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். காய்ந்த தூசி மேல் வைப்பரைப் போடவும் வேண்டாம்.

என் கண்ணாடியில் கொக்கி போட்ட கோட்டில் நகம் மாட்டுகிறது. பாலிஷில் போகாது, கண்ணாடியே மாற்ற வேண்டும், அதுவும் லேமினேட்டட் கண்ணாடிதான். அந்த ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தேன். "மழையில பிளேடு போனா நாங்க என்ன சார் பண்றது" என்று வைத்துவிட்டார்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், போல்ட் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். என்ன பதில் வருகிறது என்பதை வந்ததும் எழுதுகிறேன். அந்தப் பக்கம் பழைய வண்டியை விடுபவர்கள், மோட்டார் மாற்றச் சொன்னால், கழற்றும்போது பக்கத்தில் நின்று பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.