வீட்டிலிருந்து வங்கி வேலை: 2020 முதல் என் அனுபவம்

கொழும்பில் ஒரு தனியார் வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது லப்டொப்போடு வீட்டுக்கு வந்தவள். இன்றும் வாரத்தில் பாதி நாள் வெள்ளவத்தை வீட்டிலிருந்துதான் வேலை. இணைய இணைப்பு, விபிஎன் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த வேலையில் மனம் ஒட்டுவதும் விட்டுப்போவதும் மனேஜரைப் பொறுத்தது என்பதுதான் நான் கண்டது. ஊழியர் ஈடுபாட்டில் குழுவுக்குக் குழு தெரியும் வித்தியாசத்தில் குறைந்தது 70 சதவீதம் மனேஜரால் வருவது என்று கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2015இல் சொன்னது. வங்கியில் அது இன்னும் கூடுதலாக இருக்கும் என்பேன்.

காரணம் எங்கள் வேலை நடக்கும் விதம். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் பார்த்து அனுமதித்தால்தான் அது கணக்கில் ஏறும். மேக்கர், செக்கர் என்போம். ஒபிசில் என்றால் எழும்பிப்போய், "சேர், இதை ஒருக்கா பாருங்கோ" என்று மேசையடியில் நின்றால் காரியம் முடிந்துவிடும். வீட்டில் அதற்கு வழியில்லை. ஊரடங்குக் காலத்தில் கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. காலையில் நான் பதிந்தவை பின்னேரம்வரை அனுமதிக்காமல் அப்படியே கிடக்கும். அப்போதிருந்த மனேஜரிடம் கேட்டால் பதில் வராது. ஆனால் நாங்கள் மெசேஜ் அனுப்பும் டீம்ஸ் செயலியில் என் பச்சைப் புள்ளி, ஆள் இடத்தில் இல்லை என்று மஞ்சளானால் போதும், "எங்க போனீங்க?" என்று உடனே மெசேஜ் வரும். சம்பளம் வெட்டுப்பட்ட மனிதர்கள் போனில் அழுவார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. மெல்ல மெல்ல, தந்ததை மட்டும் செய்து நேரத்துக்கு லப்டொப்பை மூடும் ஆளாகிவிட்டேன்.

அடுத்து வந்த மேடம் 2022இன் மின்வெட்டுக் காலத்தில் முதலில் கேட்டது, யாருடைய வீடு எந்த எழுத்துக் குழுவில் என்பதைத்தான். அப்போது இடங்களை ஆங்கில எழுத்துக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நேரமாக மின்சாரத்தை வெட்டினார்கள். கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லாத நேரம் தெஹிவளையில் இருப்பவர் அனுமதிப்பார் என்று நேர அட்டவணை போட்டுத் தந்தார். மார்ச் கடைசியில் வெட்டு 13 மணித்தியாலம்வரை போனபோதும் எங்கள் ஃபைல்கள் தேங்கவில்லை.

ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளோடான தன் கொடுக்கல் வாங்கலுக்கு வைக்கும் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தவர்களுக்குத் தவணை எகிறியது. ஒருவர் போனில் என்னைக் கண்டபடி ஏசினார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மேடத்துக்கு எழுதினேன். "தங்கச்சி, அந்த ஃபைலை எனக்கு அனுப்புங்கோ, அவரோட நான் கதைக்கிறன்" என்றார். அன்றே கதைத்து, கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தும் கொடுத்தார். அந்த மாதங்களில் செய்த அளவு வேலை நான் ஒருநாளும் செய்ததில்லை, விட்டுப்போகவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்லைன் விளையாட்டும் நலம் விசாரிக்கும் பொது மெயிலும் எல்லா மனேஜர்மாரிடமிருந்தும் வரும். கெட்டதில்லை. ஆனால் ஃபைல் தேங்கிக் கிடக்கும் நாளில் அவற்றால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்ததில்லை.

இன்னும் சரிவராத இடம் வருட மதிப்பீடு. கண்ணெதிரே இருப்பவருக்குத்தான் முதலில் பதவி உயர்வு போகிறது. மேடம் வாராவாரம் யார் என்ன செய்தார் என்று எழுதிவைத்து மேலிடத்தில் காட்டுவார். அவர் மாற்றலாகிப் போனதும் அந்தப் பழக்கமும் போனது. அப்படி எழுதிவைப்பதை வங்கி ஒரு விதியாகவே ஆக்கவேண்டும். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். நாங்கள் பக்கத்து மேசையில் கதைப்பதைக் கேட்டே தொழில் பழகினோம், அவர்களுக்கு அது கிடைப்பதில்லை. இப்போதைய மனேஜர் காலையில் கொஞ்ச நேரம் அழைப்பைத் திறந்தே வைக்கிறார். கமெரா வேண்டாம், அவரவர் வேலையைச் செய்யலாம், சந்தேகம் வந்தால் கேட்கலாம். முதலில் வாயே திறக்காத பயிலுநர் பிள்ளை ஒருத்தி இப்போது ஈட்டுப் பத்திரத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறாள்.

வங்கியில் இப்படியான வேலைக்குச் சேரப் போகிறீர்கள் என்றால், சம்பளத்தோடு இதையும் நேர்முகத் தேர்வில் கேளுங்கள்: என் பதிவுகளை அனுமதிப்பது யார், அவர் லீவில் நின்றால் யார், வாடிக்கையாளர் ஏசினால் அழைப்பை யாருக்கு மாற்றலாம்?